என் பேனாவில் குணமான வலிப்புகள்

நரம்பியல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் மேற்பார்வையாளர் போன மாதம் எனக்கு போன் போட்டு, "அங்கிள், இருபத்தாறு வருஷம் இங்க குப்பை கொட்டியிருக்கீங்க, புதுசா வந்தவங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்களேன்" என்றார். நான் படித்தது மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை. அதற்குமேல் நான் எழுதியதெல்லாம் என் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று வகுப்பாசிரியருக்கு எழுதிய கடிதங்கள்தான். அவற்றிலும் பாதி பொய். ஆகவே பெரிய எழுத்தை எதிர்பார்க்க வேண்டாம். சுங்கை வேயில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசுவதுபோலத்தான் எழுதுகிறேன்.

மூளை அலை எடுக்கும் கருவியில் எந்த ஒயரைத் தலையில் எங்கே ஒட்டுவது என்பது இதில் இருக்காது. அதற்குச் சுவரில் வண்ணப்படம் இருக்கிறது. சுவரில் ஒட்டிவைக்க முடியாத இரண்டு சங்கதிகளை மட்டும் சொல்கிறேன். இரண்டும் நான் செய்த தவறுகள். சரியாகச் செய்தவற்றை எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கம்கூடத் தேறாது.

நோயாளியின் பெயரையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன். பேராசிரியரின் பெயரைச் சொல்லவே போவதில்லை. அவரைப் போன்றவர் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கிறார். இதைப் படிக்கிற எந்தப் பேராசிரியரும் பக்கத்து ஆஸ்பத்திரிக்காரரைச் சொல்கிறேன் என்றுதான் நினைத்துக்கொள்வார்.

முதல் தவறு, சேர்ந்த முதல் வாரத்தில். அட்டெண்டன் வேலை. சக்கர நாற்காலி தள்ளுவது, ஃபைல் தூக்குவது. அன்று எங்கள் பிரிவில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம். உள்ளே பேராசிரியர் வலிப்பு நோயைப் பற்றி மக்களிடம் இருக்கும் தவறான நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருந்தார். அறை குளிராக இருந்ததால் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். வெளியே காத்திருந்தவர்களில் ஒரு பெரியவர் நாற்காலியிலிருந்து சரிந்தார், கைகால் வெட்டி இழுக்க ஆரம்பித்தது.

அடுத்த நொடி கூடம் முழுக்க சாவிச் சத்தம். தமிழர், சீனர், மலாய்க்காரர் என்று வித்தியாசமே இல்லை. மோட்டார் சாவி, வீட்டுச் சாவி, கடை ஷட்டர் சாவி எல்லாம் அந்தப் பெரியவரின் கைக்குள் போயின. ஒரு ஆன்டி டிபன் கேரியரிலிருந்து கரண்டியை எடுத்து வாய்ப்பக்கம் கொண்டு போனார். நான் மட்டும் சும்மா நிற்பேனா, என் மோட்டார் சாவியையும் திணித்தேன். உள்ளேயிருந்து பேராசிரியரின் குரல் தெளிவாகக் கேட்டது: நோயாளியின் கையில் இரும்பு கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை.

அப்போதுதான் எங்கள் மிஸ்ஸி வந்தார். நர்ஸைத்தான் இங்கே மிஸ்ஸி என்போம், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என்னைவிடப் பத்து வயது சின்னவர், பேச்சு மட்டும் என்னைவிட இருபது வயது பெரியது. ஆட்களை விலக்கினார், கரண்டியைப் பிடுங்கினார், பெரியவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தன் ஸ்வெட்டரை மடித்துத் தலைக்கடியில் கொடுத்தார். பிறகு ஒன்றுமே செய்யவில்லை. கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இழுப்பு அடங்கி மூச்சு சீரானதும், ஏழு சாவிகளையும் ஏலம் விடுவதுபோல ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து உரியவரிடம் கொடுத்தார். கடைசிச் சாவி என்னுடையது.

"மாரி அண்ணே, யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு சாவி கொடுத்தது நீங்க ஒருத்தர்தான்."

எனக்கு அன்று புரிந்தது ஒன்று. கட்டுரை ஒரு அறையில் இருக்கும், மக்கள் இன்னொரு அறையில் இருப்பார்கள். கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது, இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் கொண்டு போக ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான் என்று மார்தட்டிக்கொண்டேன். இரண்டாவது தவறு அங்கேதான் ஆரம்பம்.

பேராசிரியர் நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப்போக உங்களுக்குச் சந்தேகம் வரும். வலிப்பு, கைநடுக்கம், மறதி, பக்கவாதம் என்று மூளைக்கு வரும் எல்லாக் கேட்டையும் பற்றிக் கட்டுரை எழுதி வெளிநாட்டு இதழ்களில் அச்சேற்றியவர். மற்றவர்கள் சாமி படம் மாட்டும் இடத்தில் அவர் தன் கட்டுரைகளின் முதல் பக்கங்களைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். ஒவ்வொரு கட்டுரைக்கும் மேலே நாலு வரிக்கு ஆசிரியர்களின் பெயர்கள் இருக்கும். அவர்களில் பாதிப் பேரை நான் எங்கள் வார்டில் பார்த்ததே இல்லை. ஒருவர் மட்டும் ஒருமுறை வந்து என்னிடம் கழிவறை எங்கே என்று கேட்டார். அடுத்த கட்டுரையில் அவர் பெயர் இரண்டாவதாக இருந்தது.

நாலைந்து வருஷங்களுக்கு முன்னால் அவர் ஒரு புதிய ஆராய்ச்சி ஆரம்பித்தார். மருந்து கொடுப்பதோடு, வாரம் ஒருமுறை நோயாளிக்கு போன் செய்து அக்கறையாகப் பேசினால் வலிப்பு குறையுமா என்பது கேள்வி. தமிழும் மலாயும் கொஞ்சம் கண்டோனீஸ் சீனமும் பேசுவேன் என்பதால் போன் செய்யும் வேலை எனக்கு வந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு மஞ்சள் புத்தகம் கொடுத்தோம். நாளுக்கு ஒரு கட்டம். அன்று வலிப்பு எத்தனை தடவை வந்ததோ அந்த எண்ணை அன்றே எழுத வேண்டும். வரவில்லை என்றால் பூஜ்யம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக் வரும்போது புத்தகத்தைக் கொண்டு வர வேண்டும்.

புத்தகங்கள் வந்தன. உள்ளே ஒன்றும் இல்லை. சிலதில் மளிகைச் சாமான் பட்டியல் இருந்தது. பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, "மாரி, இன்கம்ப்ளீட் டேட்டா இஸ் நோ டேட்டா" என்றார். அரைகுறையாக இருந்தால் அது இல்லாததற்குச் சமம் என்று அர்த்தம். அவர் முகம் வாடிப்போயிருந்தது. அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

ஆகவே அடுத்த கிளினிக் நாளிலிருந்து மருந்துக் கவுன்டருக்கு எதிரே இருந்த பெஞ்சில் ஒரு நீலப் பேனாவோடு உட்கார்ந்தேன். வருகிறவர்களின் புத்தகத்தை வாங்கி, கேட்டுக் கேட்டு நிரப்புவது. எழுதத் தெரிந்தவர்களுக்குப் பேனாவைக் கொடுப்பது, தெரியாதவர்களுக்கு நானே எழுதுவது. பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை வைத்திருந்த ஒரு ஆன்டியோடு நடந்த பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

"ஆன்டி, ஜூன் மாசம் எத்தனை தடவை வந்துச்சு?"

"எத்தனைன்னு போட்டா டாக்டருக்குப் புடிக்கும்?"

"உண்மையைச் சொல்லுங்க ஆன்டி."

"பாவம்லா அவரு. போன தடவை ரெண்டுன்னு சொன்னேன், முகமே செத்துப் போச்சு. எனக்கு வீட்டுக்குப் போயும் சாப்பாடு எறங்கல. கோசோங் போடு."

கோசோங் என்றால் மலாயில் பூஜ்யம். நம் வாயில் எல்லாவற்றுக்கும் அதுதான். தேநீருக்குச் சீனி வேண்டாம் என்றாலும் கோசோங், வலிப்பு வரவில்லை என்றாலும் கோசோங். நம்மவர்கள் டாக்டரைப் பார்க்க வெறுங்கையோடு வருவதில்லை, அது உங்களுக்கே தெரியும். நல்ல சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு இட்டு, ஒரு பொட்டலம் முறுக்கும் ஒரு கோசோங்கும் கொண்டு வருவார்கள். இவ்வளவு படித்த மனிதர் இவ்வளவு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார், அவரிடம் போய் மறுபடியும் வந்தது என்று சொன்னால் மரியாதையா? முறுக்கு அவருக்கு, கோசோங்கும் அவருக்கு. நான் வெறும் பேனா.

ஒரு வருஷத்தில் வலிப்பு அபாரமாகக் குறைந்தது. பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. பிரிவின் ஆண்டு விருந்தில், முழுமையான தகவல் சேகரிப்புக்காக என்று எனக்கு ஒரு சான்றிதழும் ஒரு காப்பிக் கோப்பையும் கொடுத்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். மிஸ்ஸி மட்டும் கோழி பொரியலை வெட்டுவதில் கவனமாக இருந்தார். சான்றிதழை என் மனைவி ஹாலில் டிவிக்கு மேலே மாட்டினாள்.

இப்போது குணாவுக்கு வருகிறேன். கிள்ளான்காரர், நாற்பது வயது இருக்கும். சொந்தமாக ஒரு ஸ்கூல் வேன் வைத்துப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது முதல் வலிப்பு. அதன்பிறகு வேனைத் தொடவில்லை, அவர் மச்சான்தான் ஓட்டினார். எங்கள் ஆராய்ச்சியில் சேர்ந்த குணாவின் புத்தகத்தில் இரண்டு வருஷமாக கோசோங்தான். ஒரு கட்டம்கூடப் பிசகவில்லை.

மச்சானுக்கு ஜொகூரில் நல்ல வேலை கிடைத்தது. பள்ளி விடுமுறை முடிவதற்குள் அவர் போயாக வேண்டும். வேனை ஓட்ட ஆளில்லை என்று தெரிந்தால் பெற்றோர்கள் வேறு வேன் பார்த்துக்கொள்வார்கள், குணாவின் பிழைப்பு அதோடு முடிந்தது. ஆகவே குணா பேராசிரியரிடம், நான் குணமாகிவிட்டேன், ஓட்டலாம் என்று ஒரு கடிதம் கொடுங்கள் என்று கேட்டார். பேராசிரியர் சந்தோஷமாகச் சம்மதித்தார். கோலாலம்பூரில் ஒரு பெரிய ஹோட்டலில் மாநாடு வரவிருந்தது. அங்கே திரையில் காட்டும் கடைசிப் படமாக, மறுபடியும் ஸ்டியரிங் பிடித்த நோயாளி ஒருவரைக் காட்டினால் எப்படி இருக்கும் என்று அவருக்கு ஒரு யோசனை. கடிதம் வாங்க வரும் அன்றே வேனையும் கொண்டு வரச் சொன்னார். குணா வேனைக் கழுவித் துடைத்துக் கொண்டு வந்தார். கொண்டு வந்தது என்றால் மச்சான் ஓட்டி வந்தார். படத்தில் மட்டும் குணா ஓட்டுவார்.

அன்று காலை பெஞ்சில் குணா என் பக்கத்தில் உட்கார்ந்தார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. புத்தகத்தில் மூன்று மாதம் காலியாக இருந்தது. பேனாவை நீட்டினேன்.

"என்ன போடப்போற குணா?"

"இதையெல்லாம் கேக்கணுமாண்ணே? வழக்கமா போடுறதுதான்."

தொண்ணூறு கோசோங்கை டீ ஆறுவதற்குள் போட்டுவிட்டு, வேன் கண்ணாடியில் தூசி படிந்திருக்கும், மறுபடி துடைக்கணும் என்று கீழே போய்விட்டார். அவர் மனைவி சாந்தி மட்டும் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, லெட்டரை இன்னிக்கே கொடுத்திடுவாரா?"

"இன்னிக்கேதான்மா. இன்னும் ஒரு மணி நேரம். சந்தோஷம்தானே?"

சாந்தி பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார்.

"முந்தாநாள் பாத்ரூம்ல வந்துச்சு. அதுக்கு முந்துன வாரம் ரெண்டு தடவை. தாழ்ப்பாள் போடாதீங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன், அதனாலதான் உள்ள போயி புடிக்க முடிஞ்சுது. அவரு கை முழுக்க கன்னிப்போயிருக்கு. சட்டையை மடிச்சு விடச் சொல்லிப் பாருங்க, தெரியும்."

"பின்ன புத்தகத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"புத்தகத்துக்கு நீங்கதானேண்ணே பேனா கொடுத்தீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. மருந்துக் கவுன்டர் எது என்று கேட்டால் கை காட்டுவோமே, அப்படிச் சொன்னார்.

"நீயே டாக்டர்கிட்ட சொல்லிடும்மா. கேட்டுக்குவார்."

"நான் சொன்னேன்னு தெரிஞ்சா, புருஷன் பொழப்பைக் கெடுத்தவளுன்னு அவங்க அக்கா தங்கச்சி எல்லாம் என்னை உண்டு இல்லன்னு ஆக்கிடுவாங்க. அவரு அந்தப் பேச்சை ஆயுசுக்கும் மறக்க மாட்டாரு. நான் சொன்னதா எங்கயும் சொல்லிடாதீங்கண்ணே. ஆனா அவரு வேனை எடுக்கக் கூடாது. பதினாலு புள்ளைங்க போகுது அதுல. எங்க சின்னவளும் அதுலதான் போறா."

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு மணி நேரம் என்றாவது வரும். சொல்லாமல் இருக்கக் கூடாது. நம்பிச் சொன்னவரைக் காட்டிக்கொடுக்கவும் கூடாது. பயிற்சி வகுப்பில் இதற்கு ஒரு பாரம், அதாவது படிவம், இருக்கிறது என்பார்கள், நிரப்பி அனுப்பினால் ஒரு வாரத்தில் பதில் வரும் என்பார்கள். என்னிடம் ஒரு மணி நேரம்தான் இருந்தது.

மிஸ்ஸியைத் தேடிப் போனேன். ஒரு பெண்ணின் தலையில் ஒயர் ஒட்டி முடித்துவிட்டு வெளியே வந்தார். யார் என்று சொல்லாமல், ஒரு வீட்டுக்காரம்மா இப்படிச் சொன்னார் என்று மட்டும் சொன்னேன். மிஸ்ஸி ஆச்சரியப்படவில்லை. அலமாரியைத் திறந்து ஒரு கட்டு மஞ்சள் புத்தகங்களை எடுத்து, சீட்டுக்கட்டு மாதிரி விரித்துக் காட்டினார்.

"பாருங்க. எல்லாம் ஒரே நீலம். நெசமா வீட்டுல எழுதுன புத்தகம்னா கறி வாசனை அடிக்கணும்ணே. ஒருநாள் பென்சில், ஒருநாள் சிவப்பு மை, ஒருநாள் புள்ளை கிறுக்கினது. இது என்ன, கடையிலருந்து வந்த மாதிரி இருக்கு."

"தெரிஞ்சா முன்னாடியே சொல்லியிருக்கலாமே மிஸ்ஸி."

"சொன்னேனே. ப்ரொஃப்கிட்ட சொன்னேன். மாரி ரொம்ப ஒழுங்கான ஆளுன்னு சொன்னாரு."

"இப்ப என்ன பண்றது?"

"அந்தம்மா நம்பிச் சொன்னது அந்தம்மாவோடது. அதைத் தொடாதீங்க. உங்க பேனாவைப் பத்திப் பேச யாருகிட்ட அனுமதி கேக்கணும்?"

பேராசிரியரின் அறைக்கு அங்கிருந்து முப்பது அடி. அந்த முப்பது அடியில் நான் அந்தப் பிள்ளைகளைப் பற்றி யோசித்துக்கொண்டே போனேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் இருபத்தைந்து அடி என் பென்ஷனைப் பற்றித்தான் யோசித்தேன். ஓய்வு பெற இரண்டு வருஷம்கூட இல்லை. கடைசி நாலைந்து அடியில்தான் வேன் ஞாபகத்துக்கு வந்தது.

உள்ளே பேராசிரியர் இரண்டு டைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். மேசையில் கடிதம் தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி. பக்கத்திலேயே பேனா, மூடி திறந்தபடி.

"மாரி, படத்துக்கு நீலமா, சிவப்பா?"

"ப்ரொஃப், அந்தப் புத்தகமெல்லாம் நான்தான் எழுதினேன்."

"தெரியும். யு ஹெல்ப் தெம். வெரி குட்."

"அதில்ல ப்ரொஃப். வீட்டுல யாரும் எழுதுறதில்ல. கிளினிக் நாள் காலையில மூணு மாசத்தையும் பெஞ்சுல உக்காந்து ஒரே மூச்சுல எழுதுவோம். அவங்க சொல்றதை நான் எழுதுவேன். அவங்க உங்களுக்குப் புடிச்சதைச் சொல்வாங்க."

டைகள் கீழே இறங்கின.

"எத்தனை புத்தகம்?"

"தெரியல ப்ரொஃப்."

"ஒரு கால்வாசி இருக்குமா?"

"தெரியல."

"பாதி? பாதிக்கு மேல போகாதுதானே?"

பாசாரில் மீன் விலை பேசுவதுபோலப் பேசினார். எனக்கும் குறைத்துக் கொடுக்க ஆசைதான், கையில் சரக்கு இல்லை. "எது நெசம், எது பொய்யின்னு எழுதின எனக்கே தெரியாது ப்ரொஃப்" என்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "மாரி, மாநாட்டுல கட்டுரையை ஏத்துக்கிட்டாங்க. புரோகிராம் புக்ல பிரின்ட் ஆயிடுச்சு" என்றார். கல்யாணப் பத்திரிகை அடித்தாயிற்று என்று பெண்வீட்டார் சொல்வார்களே, அதே குரல். பிறகு மேசையில் இருந்த கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"குணாவோட புத்தகம்?"

"அதுவும் என் பேனாதான். இன்னிக்குக் காலையிலதான்."

"யாராவது உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

"பேனாவைப் பத்திச் சொல்லத்தான் வந்தேன் ப்ரொஃப்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். கட்டுரைப் பைத்தியமே தவிர அவர் முட்டாள் இல்லை. பேனாவின் மூடியைப் போட்டார். கடிதத்தை இழுப்பறைக்குள் வைத்தார். கிழிக்கவில்லை, கட்டுரை எழுதுகிறவர்கள் எந்தத் தாளையும் கிழிப்பதில்லை. குணாவைக் கூப்பிடச் சொன்னார்.

குணா நெற்றியில் வியர்வையோடு சிரித்துக்கொண்டே வந்தார். பேராசிரியர் தனக்குத் தெரிந்த தமிழில், "குணா, லெட்டர் முடியாது. புத்தகத்துல மிஸ்டேக். நீங்க வேன் ஓட்டக் கூடாது. மருந்தை மறுபடி பார்க்கணும்" என்றார்.

"யாரோட மிஸ்டேக் டாக்டர்?"

பேராசிரியர் என் பக்கம் கையைக் காட்டினார். "மாரி" என்றார். ஒரு கட்டுரைக்கு நாலு வரிக்கு ஆசிரியர் பெயர் போடுகிறவர், தப்புக்கு ஒரே ஒரு பெயரைத்தான் போட்டார். நானும் மறுக்கவில்லை. அந்தப் பெயர் அங்கே இருந்தால்தான் இன்னொரு பெயர் அங்கே வராது.

வராந்தாவில் குணா என்னை நிறுத்தினார். கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"என்ன சொன்னீங்க உள்ள?"

"புத்தகத்துல என் தப்பு குணா. ஒழுங்கா வைக்கல."

"உங்க தப்புன்னா உங்க வேலை போகட்டும். என் வேன் எதுக்குப் போகணும்?"

"உடம்பு முதல்ல சரியாகட்டும்."

"என் உடம்பு எனக்குத் தெரியாதா? பேனா நீட்டும்போது நல்லாத்தானே நீட்டுனீங்க. நம்ம ஆளுன்னு நெனச்சேன்லாண்ணே உங்களை."

அவர் போன் அடித்தது. அமைதியான வராந்தாவில் மச்சானின் குரல் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. "மாமா, படம் எடுக்க எப்ப வர்றாங்க? வெயிலு மண்டையைப் பொளக்குது." சாந்தி மருந்துக் கவுன்டரில் ஓடும் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் சீட்டு எதுவும் இல்லை.

அதன்பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எனக்குக் காரணம் கேட்டுக் கடிதம் வந்தது. பதில் எழுதினேன். என்னைக் கீழ்த்தளத்தில் இருந்த ஃபைல் ஸ்டோருக்கு மாற்றினார்கள். முழுமையான தகவல் சேகரிப்புக்கான சான்றிதழைத் திருப்பிக் கேட்பார்கள் என்று காத்திருந்தேன், அதற்கு பாரம் இல்லை போலிருக்கிறது, யாரும் கேட்கவில்லை. பேராசிரியர் மாநாட்டிலிருந்து கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். புரோகிராமில் அச்சான பிறகு அப்படிச் செய்தால் சக டாக்டர்கள் சிரிப்பார்கள். சிரித்தார்கள். அதைத் தாங்கிக்கொண்டாரே, அதற்காகத்தான் அவரை நல்ல மனிதர் என்று முதலிலேயே சொன்னேன்.

சில மாதம் கழித்து ஒருநாள் அவரே ஸ்டோருக்கு இறங்கி வந்து ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"மாரி, அவங்க ஏன் கோசோங் போடுறாங்க? மருந்து எடுக்காததை மறைக்கவா? பயமா?"

"உங்க முகம் ப்ரொஃப்."

"என் முகமா?"

"ஒண்ணுன்னு சொன்னா வாடிப்போகுது. அவங்களால பார்த்துக்கிட்டு இருக்க முடியல. என்னாலயும்தான் முடியல."

அவர் கைப்பேசியை எடுத்து, படம் எடுக்கும் கேமராவில் தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கிளினிக்கில் நோயாளி பேசும்போது முகத்தை அசைக்காமல் வைத்துக்கொள்ளப் பழகினார். முதல் வாரம் மிஸ்ஸி, "ப்ரொஃப், இப்ப எழவு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு, கொஞ்சம் எளக்குங்க" என்றாராம். பிறகு சரியாகிவிட்டது. வலிப்பு வந்ததா என்று கேட்பதை விட்டு, எத்தனை தடவை வந்தது என்று கேட்க ஆரம்பித்தார். எல்லா நோயாளிகளின் வீட்டாரையும் ஒரு வழக்கமாகவே தனியே கூப்பிட்டுக் கேட்டார், அதனால் யார் என்ன சொன்னார் என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

உடனே எங்கள் பிரிவில் வலிப்பு எக்கச்சக்கமாக ஏறியது. நிர்வாகம் விளக்கம் கேட்டது. பூக்கடை ஆன்டிக்கு மருந்தை மாற்றினார்கள். குணாவுக்கும் மாற்றினார்கள். அவர் கிளினிக்குக்கு வருவதை நிறுத்தவில்லை, நான் இருக்கும் பக்கம் வருவதைத்தான் நிறுத்தினார். பேராசிரியர் இதையெல்லாம் வைத்து ஒரு புதிய கட்டுரை எழுதினார். நோயாளிகள் டாக்டரின் மனம் நோகாமல் இருக்க எப்படிப் பொய் எழுதுகிறார்கள் என்பதைப் பற்றி. சில இதழ்கள் வேண்டாம் என்றன, கடைசியில் ஒன்று போட்டது. நான் இரண்டு வார்த்தையில் சொன்னதை அவர் பதினொரு பக்கத்தில் சொல்லியிருந்தார். நன்றி சொல்லும் வரியில் மருத்துவமனை ஊழியர்களுக்கு என்று இருந்தது. என் பெயர் இல்லாதது எனக்கு நிம்மதிதான்.

ஆகவே புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, யாருக்கும் பேனா கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். எழுதத் தெரியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொடுங்கள். கொடுத்துவிட்டு அவர்கள் யோசித்துச் சொல்லும்வரை உங்கள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிடித்த பதில் எது என்று அவர்கள் கண்டுபிடித்துவிட்டால் அதன்பிறகு உண்மை அவர்கள் வாயிலிருந்து வராது, எவ்வளவு பெரிய கட்டுரை எழுதினாலும் வராது.

இதை எழுதலாமா என்று போன வாரம் சாந்திக்கு போன் செய்து கேட்டேன். "எழுதுங்கண்ணே. அவரு மலாய் ஸ்கூல்ல படிச்சவரு, தமிழ் வாசிக்கத் தெரியாது" என்றார். பின்னால் பிள்ளைகள் சத்தம். சீக்கிரம் வைத்துவிட்டார்.

அவரை நான் நேரில் கடைசியாகப் பார்த்தது போன வருஷம். மகள் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு சிவப்பு விளக்கில் என் மோட்டாரை நிறுத்தியிருந்தேன். பக்கத்தில் ஒரு ஸ்கூல் வேன் வந்து நின்றது. சாந்திதான் ஓட்டினார். மச்சான் ஜொகூர் போகிற தேதியை இரண்டு தடவை தள்ளி வைத்து, அதற்குள் சாந்தி ஸ்கூல் வேன் ஓட்டும் லைசன்ஸ் எடுத்துவிட்டார் என்று மிஸ்ஸி சொல்லிக் கேள்விப்பட்டிருந்தேன். பக்கத்து சீட்டில் குணா பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, ஒரு தண்ணீர் பாட்டிலுக்காக அடித்துக்கொண்ட இரண்டு பையன்களைப் பிரித்துவிட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்தார். பார்த்த உடனே முகத்தைத் திருப்பி, கண்ணாடியை ஏற்றிவிட்டார். சாந்தி என்னைப் பார்த்தும் தலையசைக்கவில்லை, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன.

பச்சை விழுந்தது. பின்சீட்டில் இருந்த ஒரு சின்னப் பெண், நான் யாரென்று தெரியாமலே எனக்குக் கை காட்டிக்கொண்டு போனாள்.